வலைக்கடைக்குப் புதுக் கேமரா வந்த நாள்

திரேஸ்புரத்தில் என் கட்சிக்காரர் அண்ணாச்சியின் மீன்பிடி வலைக்கடையில் இரவுத் திருட்டு இருமுறை நடந்துவிட்டது. கேமராவில் இரண்டுமே பதிவாகவில்லை.

"கம்ப்யூட்டர் பழசு அண்ணாச்சி" என்றார் மெக்கானிக்.

இன்று புதிய கம்ப்யூட்டரும், பெரிய ஹார்டு டிஸ்க்கும், இருட்டிலும் பார்க்கும் கேமராக்களும் பொருத்தப்பட்டன.

"இனி எவன் வாரான்னு பாத்துருவோம், வக்கீல் சார்!" என்றார் அண்ணாச்சி.

கடை மூடும் நேரம் வந்தது. அண்ணாச்சி சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். கேமராக்களும் அணைந்தன.

"தினமும் இப்படித்தான் அணைப்பீங்களா, அண்ணாச்சி?"

"பின்னே? பூட்டுன கடையில கரண்டு ஓடிச்சுன்னா தீப்பிடிச்சிராதா?"

தீ விபத்தைப் பொறுத்தவரை கடை பாதுகாப்பாக உள்ளது எனச் சான்றளிக்கிறேன். திருட்டைப் பொறுத்தவரை, திருடியதாகக் கூறப்படும் நபர் பகலில் வர இசைந்தால் மட்டுமே நம்மிடம் சாட்சியம் இருக்கும்.

அவருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்பலாமா? நண்பர்கள் கருத்துரைக்கவும்.