பயண வேகத்தில் திணறிய மோட்டார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் படகு மோட்டார் மெக்கானிக். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "பிளக்கைக் கழற்றித் துடைச்சுப் போடுங்க, சரியாயிடும்" என்று கிண்டல் செய்கிறவன். அப்படிப்பட்ட எனக்கே இது நடந்தது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

மனைவியின் தம்பி ஒரு பழைய படகை மோட்டாரோடு வாங்கியிருந்தான். மெதுவாக ஓட்டினால் தங்கமான மோட்டார். பயண வேகத்துக்கு ஏற்றினால் மட்டும் திணறியது. மறுநாள் விடிந்ததும் அதில் கடலுக்குப் போவதாக இருந்தான். "நீங்க ஓட்டிப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் அவனை அனுப்புவேன்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். புது பிளக் போட்டேன். ஃபில்டரில் தண்ணீர் இல்லை. கார்புரேட்டரையும் கழுவியாயிற்று. மிச்சம் பெட்ரோல் குழாய்தான். டேங்க் படகின் முன்பக்கம், மோட்டார் பின்பக்கம். இடையில் ஓடும் குழாயில், டேங்கை ஒட்டி, கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் பம்பு. அமுக்கினால் பெட்ரோல் மோட்டாருக்குப் போகும்.

அமுக்கிப் பார்த்தேன். நிழலில் கிடந்தும் இளஞ்சூடாக இருந்தது. நான் அமுக்க, அதுவும் என் கையைத் திருப்பி அமுக்குகிற மாதிரி இருந்தது. பம்பு நல்ல பம்பு என்று முடிவு கட்டினேன்.

இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. ஓட்டத்தில் மோட்டார் திணறும்போது பம்பை அமுக்க வேண்டும். சத்தம் சீரானால், பெட்ரோல் சரியாக வரவில்லை என்று அர்த்தம். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் முன்னால் உட்கார்ந்து அமுக்க வேண்டும்.

மச்சினன் வந்தபாடில்லை. ஃபோன் செய்தேன்.

"வலைக் கடையில மாட்டிக்கிட்டேன் மாமா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

எரிச்சலாக வந்தது. எந்த வேகத்தில் திணறுகிறது என்றாவது பார்ப்போம் என்று தனியாகவே படகைத் தள்ளினேன். மணி ஐந்தே முக்கால். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

அலைத்தடுப்புப் பாறைகளைத் தாண்டி வேகத்தைக் கூட்டினேன்.

டுர்ர்ர்... டப்... டப்...

வேகத்தைக் குறைத்தேன். அப்படியும் திணறல் நிற்கவில்லை. மோட்டார் அணையப் போகிறது. அலையோ படகைப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. அவசரத்தில் துடுப்பைக்கூட எடுத்து வரவில்லை.

சட்டென்று சத்தம் சீரானது.

அப்பாடா என்று கரைப் பக்கம் திருப்பினேன். மறுபடியும் திணறல். மறுபடியும் சீரானது. திணறல்... சீர். திணறல்... சீர்.

இருபது வருஷமாகக் கேட்ட சத்தம். முன்னால் ஆள் உட்கார்ந்து பம்பை அமுக்கினால்தான் இப்படிக் கேட்கும்.

முன்பக்கம் பார்த்தேன்.

யாரும் இல்லை.

பம்பு மட்டும்... ஒடுங்கியது. உப்பியது.

ஒடுங்கியது.

ரப்பரில் நான்கு பள்ளங்கள். விரல் பதிகிற மாதிரி.

சளக்... சளக்...

கத்த நினைத்தேன். நிறுத்திவிடாதே என்றுதான் மனசுக்குள் கெஞ்சினேன்.

கரை தட்டியது. மோட்டாரை அணைத்தேன்.

சளக்...

அணைத்த பிறகும் அமுக்கியது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மச்சினன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் படகு வேண்டாம்டா."

"ஏன் மாமா, மோட்டார் ஓடலையா?"

"ஓடுச்சு. அதனாலதான் சொல்றேன்."

தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். படகை விற்றவருக்கு உடனே ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அவர் முதலில் மழுப்பினார். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

"நடுக்கடல்ல மோட்டார் திணறுச்சும்மா. புயல் வேற. நான் ஓட்டினேன், என் தம்பி முன்னாடி உட்கார்ந்து பம்பை அமுக்கிக்கிட்டே வந்தான். கரைக்கு வந்து பார்த்தா உடம்பு விறைச்சுக் கிடந்தது. உயிர் போய் ரொம்ப நேரம் ஆச்சுன்னு டாக்டர் சொன்னார். ஆனா மோட்டார் வழியில ஒரு தடவைகூட நிக்கல."

மனைவி ஃபோனை இன்னும் கிட்டே நகர்த்தினாள், அவர் தொடர்ந்தார்.

"கையிலிருந்து பம்பை எடுக்க முடியல. ரெண்டு பக்கமும் குழாயை அறுத்து, அதோடயே அடக்கம் பண்ணிட்டோம்."

"அப்புறம் வேற பம்பு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே. குழாயை நேரா சேர்த்துக் கட்டிட்டேன். அந்தப் படகுல பம்பே கிடையாதே."

டார்ச்சோடு மூவரும் போய்ப் பார்த்தோம். அறுத்த குழாயை ஒட்டி, மேலே இரண்டு கிளிப் போட்டிருந்தது. அந்த ஒட்டில்தான் காற்று இழுக்கிறது, மோட்டார் திணறக் காரணம் அதுதான். பம்பு இல்லை.

மச்சினன் கடலுக்குப் போகவில்லை. படகு இன்னும் அதே கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

அன்று காலை நான் பிடித்துப் பார்த்தது இளஞ்சூடாக இருந்தது. அதுவும் என் கையைப் பிடித்தது.