ஏறாத ஒயின்

ஒயின் விற்கிற தொழிலிலேயே ரொம்பக் கஷ்டமானது போதை இல்லாத ஒயின் விற்பதுதான்.

உப்பில்லாத ஊறுகாயோ சர்க்கரை போடாத மைசூர்பாகோ விற்றுப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே சங்கம். பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்லி விற்பது எல்லோருக்கும் வரும். என்ன இல்லை என்று சொல்லி விற்றுப் பாருங்கள், அப்போது தெரியும்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்த என் மாமனார் ஆரம்பித்து வைத்தது. அவருக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரர் அருளும் நடத்துகிறோம். கம்பம் பன்னீர் திராட்சையைக் கோயம்பேட்டில் வாங்கி, பிழிந்து, பட்டை கிராம்பு சேர்த்து, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். இஞ்சி ஒயினும் உண்டு. பாட்டில் கழுவ கஸ்தூரி வருவாள். எங்கள் கம்பெனி இவ்வளவுதான். எங்கள் கிறிஸ்தவச் சனத்தில் கிறிஸ்துமஸ், கல்யாணம், நிச்சயதார்த்தம் எதுவானாலும் கேக் வெட்டி ஒயின் கொடுப்போம். அதில் ஏறாத ஒயின் வேண்டும் என்கிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஏறுமா?

கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி இது. குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டும் பாபு மட்டும் கேட்கவில்லை. ‘ஒயின்’ என்ற போர்டைப் பார்த்தார், வண்டியை ஓரம் கட்டினார், ஒரு பாட்டில் வாங்கினார். நான் மீதிச் சில்லறையைத் தேடி எடுப்பதற்குள் மூடியைத் திறந்து அங்கேயே முக்கால்வாசியைக் குடித்துவிட்டார்.

பிறகு எங்கள் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். லேசாக ஒரு பாட்டு வந்தது. பொண்டாட்டி தன்னை மதிப்பதில்லை என்று எங்கள் வீட்டு முருங்கை மரத்திடம் முறையிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. “அண்ணே, அது வெறும் திராட்சை ஜூஸுண்ணே. அதுல போதையே கிடையாது” என்றேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எனக்கு ஏறிக்கிச்சு. ஒண்ணியும் இல்லன்னு நீ சொல்லாதம்மா, மன்சு கஷ்டமா பூடும்.”

லில்லி அக்காவின் கேள்வி

அதே கேள்வியை நேர்மாறாகக் கேட்டவர் லில்லி அக்கா. அவர் வீட்டுக்காரர் மரியதாஸ் அண்ணன் ஃபேக்டரியில் என் மாமனாரிடம் வேலை பழகியவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், ஆவடி குவார்ட்டர்சில் இருக்கிறார்கள். அண்ணன் ஒரு காலத்தில் குடித்தார். சும்மா இல்லை, சம்பளம், மரியாதை, லில்லி அக்காவின் தாலிச் சங்கிலி என்று வரிசையாகக் குடித்தார். பிறகு ஒருநாள் விட்டார். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் தன் முன்னால் வைக்கிற கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எல்லோரும் கிளாஸைத் தூக்கும்போது அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் லில்லி அக்கா எங்களைத் தேடி வந்தார்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “நெசமாவே ஒண்ணும் இல்லியே?” என்றார். இல்லை என்றேன். அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு அண்ணன் கிளாஸை நிமிர்த்தி வைத்தார் என்று கேள்விப்பட்டு நானும் அருளும் அன்று முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதிலிருந்து அவர்கள் வீட்டு எல்லா விசேஷத்துக்கும் எங்கள் ஒயின்தான். ஒவ்வொரு தடவையும் லில்லி அக்கா அதே கேள்வியைக் கேட்பார். ஒரு தடவை, “என்னக்கா, எங்கமேல நம்பிக்கை இல்லையா?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் விளையாடவில்லை.

“ஒரு சொட்டுகூட இருக்கப்படாது ரெஜினா, பாத்துக்க. அந்த ஒரு சொட்டுக்குத்தான் அவுக உள்ளுக்குள்ள காத்துக்கிட்டு கெடக்காக.”

மோந்து பார்த்த தம்பி

ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் இருக்கிற ஒரு தம்பி, ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்ப் பிள்ளை. பேர் கார்த்திக். வரும்போதே கையோடு ஒரு நீளக்கால் கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்தார். அதில் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, சுழற்றினார், சாய்த்தார், மூக்கை உள்ளே விட்டார். “ஏனுங்க்கா, இதுல ஈரமண்ணு வாசம் வருதுங்களே” என்றார். பின்னால் சாக்கடை அடைத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வியாபாரம்.

மறுபடி சுழற்றல், மறுபடி மூக்கு. பாட்டில் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரி எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்வாள்?

“இன்னாபா, மருந்து குடிக்கிற கொயந்த கணக்கா மோந்துகினே கீற? ஒரே மொடக்கா உள்ள வுடு, சரியா பூடும்.”

அவரும் அப்படியே செய்தார். அன்றிலிருந்து மாதா மாதம் வருகிறார், கிளாஸ் இல்லாமல்.

இருமல் மருந்து

அதே அடுக்குமாடியில் வேறொரு வீட்டு மருமகள். வீட்டில் ஒயின் என்ற பேச்சே எடுக்க முடியாது. மாமியாருக்கு இருமல் என்று எங்கள் இஞ்சி ஒயினை வாங்கிப் போய், இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார், போர்டைப் படித்தார், மருமகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“மருந்து தீந்துபோச்சும்மா. இருமல் எப்ப வேணா வரும், பெரிய பாட்டிலாவே குடு.”

நிற்பதும் படுப்பதும்

இப்போது எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திராட்சைச் சாறு பச்சையாக இருந்தால் சும்மா இருக்காது. மூடி அடித்து வைத்தாலும் நாலைந்து நாளில் உள்ளுக்குள்ளேயே புளித்துப் பொங்கி, நிஜ ஒயினாகப் பார்க்கும். அதனால் பாட்டில்களை அண்டா வெந்நீரில் போட்டுச் சூடுகாட்டி எடுப்போம். அத்தோடு அது அடங்கிவிடும். சூடுகாட்டாத பாட்டில் நிற்கும், சூடுகாட்டிய பாட்டில் படுத்திருக்கும். மாமனார் வைத்த சட்டம். லேபிளைக் கடைசியில்தான் ஒட்டுவோம் என்பதால் வேறு அடையாளம் கிடையாது.

இந்த வருஷ மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. அருள் பூந்தமல்லிக்குச் சரக்கு போடப் போயிருந்தார். கஸ்தூரி வீட்டில் அவள் பாடே பெரும்பாடு. நான் அப்போதுதான் கடைசி கிரேட்டுகளுக்கு மூடி அடித்து நிறுத்தி வைத்திருந்தேன். முழங்கால் தண்ணீரில் பிரிட்ஜைத் தூக்குவதா, திராட்சையைத் தூக்குவதா என்று முழித்தபோது, கூப்பிடாமலே தெருவே வந்தது. பக்கத்து வீட்டு சேகர், அவர் தம்பி, எதிர்வீட்டுப் பெண்கள் எல்லோரும் சங்கிலியாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். நான் முன்பக்கம் சாமான்களை ஏற்றிவிட்டு வருவதற்குள் பாட்டில் அத்தனையும் பரண்மேல் ஏறியிருந்தது. கிறிஸ்துமஸ் சரக்கு முழுவதையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, சேகர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

“பாத்தியா அண்ணி, ஒண்ணுகூட ஒடையல. நின்னா உய்ந்துடும்னு எல்லாத்தியும் கொயந்தைய மாரி படுக்க வெச்சிட்டோம்.”

டப்

அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பாட்டில் படுத்திருந்தால் என் கண் கேள்வி கேட்காது, அத்தனை வருஷப் பழக்கம். வந்து பார்த்த அருள் எல்லாவற்றையும் நான் சூடுகாட்டி முடித்துவிட்டேன் என்று நினைத்தார். தண்ணீர் வடிந்ததும் லேபிள் ஒட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். முதல் பெட்டி மரியதாஸ் அண்ணன் வீட்டுக்கு. அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து ஷெட்டைத் திறக்கிறேன், பரண்மேல் டப் என்று ஒரு மூடி பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. சுவரெல்லாம் ஊதா நுரை. கஸ்தூரி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிப் பார்த்தாள். பாட்டில் வாயில் மூக்கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை.

“பட்த்துகினு கீறதெல்லாம் தூங்குதுன்னு நென்ச்சிக்கினியாக்கா?”

திருப்பிக் கொடுங்கள்

உடனே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். சரக்கு புளித்துவிட்டது, யாரும் குடிக்க வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றேன். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் வடிந்ததா என்றுதான் கேட்டார்கள். ஐயப்பன்தாங்கல் தம்பி மட்டும், “போதை வந்திருச்சுங்களாக்கா? அப்ப இருந்துட்டுப் போகட்டுமுங்களே” என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டோ பாபு தன்னுடையதை மடியில் அணைத்தபடி வந்து சேர்ந்தார்.

“இத்தினி நாளா ஜூஸக் குட்த்துட்டு, இன்னிக்கிதான் சரக்கா மாறிகீது. அதப் போயி திருப்பிக் குடுன்றியே, நாயமா?”

கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவடியில் மட்டும் யாருமே போன் எடுக்கவில்லை.

நிமிர்ந்த கிளாஸ்

அருள் ஸ்கூட்டரை எடுத்தார். திருமுல்லைவாயல் தாண்டும்வரை அவர் எங்கேயும் வேகத்தைக் குறைக்கவில்லை. ‘ஒரு சொட்டுக்குத்தான் காத்துக்கிட்டு கெடக்காக’ என்பது மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் தொழில் போனால் போகட்டும், வேறு பிழைப்புப் பார்க்கலாம். அந்த மனிதரின் இத்தனை வருஷத்தை எங்கள் பாட்டில் கெடுத்துவிடக் கூடாது என்று வழி முழுக்க மாதாவிடம் கெஞ்சினேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல். உள்ளே கேக் வெட்டியாகிவிட்டது. எல்லோர் கையிலும் கிளாஸ், அதில் கறுஞ்சிவப்பாக ஏதோ. மரியதாஸ் அண்ணன் கையிலும் ஒன்று. பாதி காலி. அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லில்லி அக்கா ஓடி வந்து, என்னை உட்கார வைத்து, ஒரு கிளாஸை என் கையில் திணித்தார். குடித்துப் பார்த்தேன். பால் ஊற்றாத டீ. அதுவும் சமையல்காரர் அண்டாவில் போட்டது. முதல் பாட்டிலை அண்ணன்தான் திறந்தாராம். மூடி எடுத்ததும் புஸ்ஸென்று நுரை, பின்னாலேயே அந்த வாசனை. மைத்துனர்கள் கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். அண்ணன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாராம். லில்லி அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம். பிறகு பெட்டியோடு தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ கேட்டாராம்.

அண்ணன் எங்கள் பக்கம் வந்தார். அருள் கையைக் கூப்பிவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு இல்லை இது.

“நீ எதுக்கு அழுத, ரெஜினா? விட்டுட்டேன் விட்டுட்டேன்னு இத்தன வருசமா ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நெசமாவே விட்டுட்டேன்னு எனக்கே இன்னைக்குத்தாம்மா தெரியும்.”

‘போதை அற்றது’ என்று லேபிள் ஒட்டுவது நாங்கள்தான், ஆனால் இந்த வருஷம் அதைப் பொய்யாகாமல் காப்பாற்றிக் கொடுத்தவர், போதை என்றால் என்னவென்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த ஒரு மனிதர்.