தப்பாகச் சுருதி வைத்த கிட்டார்

கிட்டார் கம்பியைத் தேய்த்த விரலை மோந்து பார்த்திருக்கிறீர்களா? கிணற்று வாளிப் பிடியின் வாசம் அடிக்கும். உப்பூர்க் கடற்கரைப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஆணி, பூட்டு எல்லாமே துருப்பிடிக்கும், கம்பி மட்டும் தப்புமா? சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாசம் போகாது...

கிட்டார் அண்ணனுடையது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஏழு அரியர் விழுந்ததும் அய்யா, "அந்தப் பெட்டிய வீட்டுல வச்சுட்டுப் போ. இல்லைன்னா வெறகாக்கிருவேன்" என்று சத்தம் போட்டார். தீபாவளி லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் ஆறு கம்பியையும் தளர்த்திவிட்டு, "வெக்கைக்குக் கழுத்து வளைஞ்சுரும்த்தா. யாரும் தொடக்கூடாது... முக்கியமா நீ" என்றான்.

தொடாமல் இருப்பேனா? அவன் ஏறிய பஸ் ஆர்.எஸ்.மங்கலம் தாண்டியிருக்காது, கிட்டார் என் மடியில்!

ஒரே ஒரு சிக்கல். அந்த வருஷம் தை மாசக் கதிரறுப்பில் என் இடது கையில் அரிவாள் இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் கதிர் அறுக்கிற எல்லோருக்கும் இடது கையில் ஒரு தழும்பாவது இருக்கும், நெல் தாளைப் பிடிக்கிற கை அதுதானே. எனக்குக் கொஞ்சம் ஆழமாகிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. கலைச்செல்வி என்ற பெயரே போய், ஊருக்குள் நான் 'வெரல் மடங்காத புள்ள' ஆகிவிட்டேன். பாவம் பார்த்துத்தான் சொன்னார்கள், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனின் நோட்டில், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரே சத்தமாக எழுப்புகிற 'கார்டு' படங்கள் இருந்தன, அதற்கு மூன்று விரல், நாலு விரல் வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு. கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்றும் அதில் இல்லை. மார்கழி பஜனையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள் நான். எனக்குத் தெரிந்த சுருதி அது ஒன்றுதான்.

தடித்த கம்பிக்கு ச. அடுத்ததற்கு ப. அதற்கடுத்து மேல் ச. நாலாவதற்கும் ப வைக்கலாம் என்று முறுக்கினேன்... கிறீச்சென்றது! அறுந்தால் அண்ணன் தோலை உரித்துவிடுவான் என்று பயந்து க-விலேயே நிறுத்திவிட்டேன். மிச்சம் இரண்டும் ப, ச.

சும்மா ஒரு தட்டு தட்டினேன்.

அய்யோ! வீடே நிறைந்துவிட்டது! ஒரு கம்பியைக்கூட அழுத்தவில்லை. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் ஒரு கார்டு, கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னொரு கார்டு. ஒரே விரல்! எழுந்து குதித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடி, தேளு கீளு கொட்டிருச்சா?" என்று ஓடி வந்தாள்.

அப்புறம் பித்துதான். ஒரு நாள் அந்த க கம்பியை மட்டும் கொஞ்சம் இறக்குவேன், சிரித்துக்கொண்டிருந்த கிட்டார் அழ ஆரம்பித்துவிடும். இன்னொரு நாள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்துவேன், மழைக்காலத் தவளை மாதிரி கத்தும். எல்லா ஆட்டமும் ஆடிவிட்டு மறுபடி ச-ப-ச-க-ப-ச. அதில் நடவுப் பாட்டு மெட்டை மெல்லிய கம்பியில் பிடித்தால், மிச்சக் கம்பிகள் கூடவே முனகும். அந்தத் தைரியத்தில் பொங்கல் விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுத்தேன்.

விழா நடத்துகிற முத்துராசு அண்ணன் என் கையைப் பார்த்தார். "பாட்டுக்குத்தானத்தா?"

"இல்லண்ணே. கிட்டாரு."

இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

பொங்கலுக்கு வந்த அண்ணனிடம் மூச்சு விடவில்லை. விழா அன்று மேடைக்குப் பின்னால் கிட்டாரோடு என்னைப் பார்த்ததும் முழித்தான், பிறகு சிரித்தான். அவனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கிட்டாரைக் கையில் திணித்து, "போ போ, கலக்கு!" என்றான்.

மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினேன். நாராசம்! ஒன்றோடொன்று சேராத ஆறு சத்தம்.

முன்வரிசையில் யாரோ, "அந்தப் புள்ளைக்குத்தான் வெரலு மடங்காதேப்பா, பாவம்" என்றது தெளிவாகக் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், மேடையோரத்தில் அண்ணன் பெருமையாகக் கட்டை விரலைக் காட்டுகிறான். "ஆறு கம்பியும் தப்பா இருந்துச்சு புள்ள, நாந்தேன் சரி பண்ணி வச்சேன்!"

படுபாவி!

இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் ஆயுசுக்கும் எனக்கு அந்தப் பெயர்தான். உட்கார்ந்த இடத்திலேயே, மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாயால் ச... ப... என்று பாடிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் திருப்பினேன். கூட்டம் அதையே நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டது! ஒவ்வொரு கம்பி சேரும்போதும் கைதட்டல், ஆறாவதுக்கு விசில் வேறு!

பிறகு நடவுப் பாட்டை எடுத்தேன். இரண்டாவது அடியிலேயே பெண்கள் பக்கம் ஒரு குலவை. அப்புறம் பத்து. அப்புறம் மொத்தப் பேரும்! வயலில் குனிந்துகொண்டு பாடுகிற மெட்டு ஸ்பீக்கரில் வரும் என்று யார் நினைத்தார்கள்? குலவைக்கு ஈடாக வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. ஒரு விரல்தானே, சமாளித்துவிட்டேன். முத்துராசு அண்ணன் மைக்கைப் பிடுங்கி, "நம்ம கலைச்செல்வி! இன்னொருக்கா வாசி தாயி!" என்று கத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது திருச்சியில் இருக்கிறேன். அபார்ட்மெண்டில் குலவைக்கு எங்கே போக... கொஞ்சம் சத்தமாக வாசித்தாலே பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். நான் வைத்த சுருதிக்கு ஓப்பன் டியூனிங் என்று பெயர், உலகம் பூராவும் வாசிக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அட, நான் மட்டும் கண்டுபிடித்ததில்லையா என்று ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மகள் போனில் சுருதி சரிபார்க்கிற டியூனர் ஆப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். ஆறுக்கும் சிவப்பு.

"எல்லாமே தப்புன்னு சொல்லுதும்மா."

"சொல்லட்டும்டி. அத ஓரமா வையி."

அந்த இரண்டு விரலும் இன்றுவரை மடங்கவில்லை. மடங்கியிருந்தால், அண்ணன் நோட்டைப் பார்த்து நாலு கார்டு பழகிவிட்டு, நாலாவது மாசமே அலுத்துப்போய் கிட்டாரைப் பரணில் போட்டிருப்பேன்.