கிரைண்டர் மேல் போட்ட பழி

சிராங்கூன் சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கசியும் சத்தத்தைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கிக்கொண்டிருந்தோம். மேலே ஓடும் பேருந்துகளின் இரைச்சலில் அந்தச் சத்தம் ஊசி விழுவதுபோலத்தான். ஓர் இட்லிக் கடை வாசலில் மட்டும் கணினி தினமும் ‘கசிவு’ என்றது. கடையில் நாள் முழுக்க ஓடும் கிரைண்டரைத்தான் சொல்கிறது என்று நினைத்து, ‘கசிவில்லை’ எனக் குறித்து நானே மறுபடி பழக்கினேன். மறுநாளும் அதே பதில். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சத்தத்தை அப்போதைக்கப்போது கேட்டுச் சொல்லும் கைக்கணினியோடு இடித்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் நின்றேன்.

“அண்ணே, கிரைண்டரை ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க.”

“மாவு பாதியில இருக்கு லா!”

“நிறுத்தினாத்தான் போவேன்.”

முறைத்தபடி சுவிட்சை அணைத்தார். கல் சுற்றுவது நின்றது. என் கைக்கணினித் திரையில் ‘கசிவு’ மட்டும் மாறவில்லை.