ஊத்திக் காட்டுங்க, டிரைவர் அண்ணா

1. ஒரு வாரத்து உத்தமர்கள்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் டாக்டரம்மா அச்சடித்த புதுப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். காய்ச்சலோ கால் வலியோ, ஓ.பி.க்கு எதற்காக வந்தாலும் எல்லாரிடமும் குடி, புகையிலை பற்றிக் கேட்டுக் குறிக்க வேண்டும். இதற்கு ஸ்கிரீனிங் என்று பெயர். முற்றிய பிறகு ஓடுவதைவிட ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்றார்.

எனக்கு ஒரே குஷி. ஒரு வாரம் வளைத்து வளைத்துக் கேட்டேன். எஸ்டேட்டில் ஒரு ஆள்கூடக் குடிப்பதில்லை! டாக்டரம்மா பாரங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இது எஸ்டேட்டா, மடமா? அப்போ பஜார் கடையில தெனமும் க்யூவுல நிக்கிறது யாருங்க, காட்டெருமையா?"

எனக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. விக்கல் வரும்வரை சிரித்தேன். டாக்டரம்மா ஒரு பாரத்தைத் தனியாக எடுத்து வைத்ததும்தான் அடங்கினேன்.

அது இலை லாரி ஓட்டும் மாரிமுத்து அண்ணனுடையது. அடுத்த திங்கட்கிழமை குன்னூரில் அவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன். குடி என்ற இடத்தில் 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"இவரு கை நடுங்குனத நீங்க பாக்கலீங்களா? தெனம் குடிக்கிறவரா இருந்து வார்டுல திடீர்னு நின்னுபோச்சுன்னா, ரெண்டாம் நாள் மூணாம் நாள் ஃபிட்ஸ் வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போயிரலாம் சிஸ்டர்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நான் எப்படிக் கேட்டேன் என்று யோசித்தேன். பக்கத்தில் அவர் மனைவி சரஸ்வதி. பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் பாதி எஸ்டேட். மரியாதைக்குரிய மனிதரிடம் நாலு பேர் முன்னால் 'குடிப்பீங்களா' என்று எங்கள் பக்கம் கேட்க மாட்டோம். அதனால், "அண்ணா, அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்கள்ல?" என்று பதிலையும் நானே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவரும் "சேச்சே!" என்றார். நானும் குறித்துக்கொண்டேன். என்னை என்ன சொல்வது!

2. வாட்ச்மேன் அழித்த சாட்சி

மறுநாள் இன்ஜெக்‌ஷன் அறையில் கடையைப் போட்டேன். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு எவர்சில்வர் டம்ளர், மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளை. ஒரு நேரத்தில் ஒருத்தர். குடிப்பீர்களா என்ற கேள்வியே கிடையாது. எவ்வளவு என்று ஊற்றிக் காட்டினால் போதும்.

முதல் ஆள் ஃபேக்டரி வாட்ச்மேன் அந்தோணி. வெட்கப்பட்டு நெளிந்தவர், பாட்டில் கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சிஸ்டர், கலக்கறதுக்குத் தண்ணி?"

"அண்ணா, அதுவே தண்ணிதானுங்க!"

"அது எனக்குத் தெரியுமுங்க. கலக்காம எப்படிக் கணக்கு சொல்றது?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து அளவு பார்க்க, கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்து நின்றார்.

"சிஸ்டர்! டியூட்டி நேரத்துல என்ன நடக்குது இங்க?"

அந்தோணி பயத்தில் மொத்தத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். "ஒண்ணுமில்லீங்க சார், பச்சத் தண்ணி!" என்றார். மேனேஜர் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். டாக்டரம்மா ஓடிவந்து விளக்கிச் சொல்லி, இந்தப் பாரங்கள் ஆபீசுக்கு வராது, யார் வேலைக்கும் இதனால் ஆபத்தில்லை என்று மேனேஜர் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் தொழிலாளர்களின் லயன் வீடுகளெல்லாம் சுற்றிவிட்டது.

3. அவர் ஊற்றியது

பிரஷர் பார்க்க வேண்டும் என்று மாரிமுத்து அண்ணனை வரச்சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

டம்ளர் நிறைய ஊற்றினார். நான் அளந்து குறித்தேன். மறுபடி நிறைய ஊற்றினார். "இது ராத்திரிக்கு" என்றார். மூன்றாவது தடவை கொஞ்சமாக ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது காலையிலங்க. ஊத்துனாத்தான் கை நிக்குது. ஸ்டியரிங் பிடிக்கணுமில்லீங்க?"

அந்த லாரியில் இலையோடு சேர்ந்து எத்தனை பெண்கள் அந்த மலை வளைவுகளில் போய் வந்திருப்பார்கள்! திட்ட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"எல்லாரும் ஏன் குடிக்கிறேன்னுதான் கேக்கறாங்க. எவ்வளவுன்னு யாரும் கேட்டதில்லீங்க சிஸ்டர்" என்றார்.

டாக்டரம்மா குடலிறக்கம் என்று மட்டும் லீவுச் சீட்டு எழுத, அன்றே லாரியை வேறு டிரைவரிடம் கொடுத்தார்கள். ஆப்பரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். வீட்டில் நீங்களாகக் குடியை நிறுத்திவிடக் கூடாது என்று சொல்லி, குன்னூரில் படுக்கவைத்து மாத்திரையும் வைட்டமின் ஊசியும் போட்டு, உடம்பு தேறிய பிறகே கத்தியை எடுத்தார்கள்.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் ஜெபம்தான். வார்டில் நுழைந்தால், மாரிமுத்து அண்ணன் எழுந்து உட்கார்ந்து உப்புமாவில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன், சிரித்தேன், விக்கினேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இளைய நர்ஸுகளுக்கு ஒன்று சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். எல்லாரிடமும் கேளுங்கள். இந்த இரண்டாவது பாடம் எனக்கு அன்று வராந்தாவில்தான் கிடைத்தது. சரஸ்வதி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, சிரிப்பும் வெட்கமுமாகக் கேட்டாள்.

"ஏனுங்க சிஸ்டர், அந்த ரூமுக்குப் பொம்பளைங்களைக் கூப்பிட மாட்டீங்களா? வீட்டுல அவரு எனக்கும் சேத்துத்தான் ஊத்துவாருங்க."