அன்ரோனெற் கொண்டுவந்த தீர்த்தம்

பேசாலையில் கருவாடு காயவைக்கிற அன்ரோனெற்றுக்கு வாயும் நீளம், காதும் நீளம். தன் மூத்த மகன் வயிற்றோட்டத்தால் வார்டில் கிடந்த மூன்று நாளும் தாதிமாரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தவள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனி உப்புப் பக்கற்றைக் கரைக்கிற விதம், என்ன அடையாளம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரு காலை பக்கத்து வீட்டுத் துசாந்தினி வேலியடியில் நின்று அழுதாள். பதினாலு மாதப் பிள்ளை டினோஜாவுக்கு விடிந்ததிலிருந்து ஏழு தரம் போய்விட்டது. புருஷன் கொன்ஸ்ரன்ரைன் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்க விடவில்லை.

"பல்லு முளைக்கிற வயித்தோட்டம். தண்ணி குடுத்தா இன்னும் போகும்," என்றான் அவன், பெரிய டொக்டர் மாதிரி.

அன்ரோனெற் வாதாடவில்லை. வீட்டில் கொதித்தாறின தண்ணீர் ஒரு லீற்றரில் ஜீவனியைக் கரைத்தாள். றோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கோவில். போத்தலை மாதா சுரூபத்தடியில் வைத்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணை, மாதாவின்ர காலடியிலயிருந்து கொண்டு வாறன். கரண்டி கரண்டியாப் பருக்குங்கோ."

தீர்த்தத்தை யார் மறுப்பது? பிள்ளை ஆவலாய்க் குடித்தது.

"போத்தல் நிறையவோ?" கொன்ஸ்ரன்ரைன் சந்தேகப்பட்டான்.

"மாதா என்ன, கிள்ளிக் குடுக்கிறவவோ?"

அதற்குமேல் அவள் விளையாடவில்லை. பிள்ளையின் வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து, பிறகு விட்டுப் பார்த்தாள். மடிப்பு மெல்ல மெல்லத்தான் மறைந்தது; உடம்பில் நீர் வற்றின அடையாளம்.

"பாருங்கோ அண்ணை, அழுறாள், கண்ணீர் வரேல்லை. கண்ணும் உள்ள போட்டுது. வெளிக்கிடுங்கோ!"

அவள் சொல்லிவைத்த ஓட்டோ வாசலில் நின்றது. கொன்ஸ்ரன்ரைன் செருப்பும் போடாமல் ஏறினான், பின்னால் அன்ரோனெற்றும். வழியெல்லாம் துசாந்தினி கரண்டியால் பருக்கிக்கொண்டே வந்தாள்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்.

"தீர்த்தம்," என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

டொக்டர் போத்தலை மோந்து பார்த்தார். "இது ஜீவனியெல்லே! நல்லகாலம் குடுத்தது."

கொன்ஸ்ரன்ரைன் திரும்பினான். அன்ரோனெற் மேலே சுற்றும் காற்றாடியை வெகு பக்தியாய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேலைன் ஏற்றி மூன்றாம் நாள் பிள்ளை வீடு வந்தது. கொன்ஸ்ரன்ரைன் ஒரு கிழமை அன்ரோனெற்றோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் மனம் உறுத்த, அந்தத் தீர்த்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சுவாமி சிரிப்பை அடக்க நெடுநேரம் இருமினார்.

"ஞாயிறு பூசை முடிய, தாய்மாருக்கு ஜீவனி கரைச்சுக் காட்டும். அதுதான் உமக்கு அபராதம்."

ஞாயிறு, கூட்டத்துக்கு முன்னால் அன்ரோனெற் தண்ணீரில் அரைப் பக்கற்றைக் கொட்டிவிட்டு அப்பாவியாய்க் கேட்டாள்:

"இது காணுமோ?"

"காணாது!" பின்னாலிருந்து கத்தினான், மகளை இடுப்பில் வைத்திருந்த கொன்ஸ்ரன்ரைன். "முழுப் பக்கற்! ஒரு லீற்றர்! தாய்ப்பாலையும் நிப்பாட்டக் கூடாது!"