காக்கை வராத கொல்லை

கடல் தாண்டிப் பிழைக்க வந்து சிராங்கூன் ரோட்டில் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் வாய்க்கால். வீட்டின் முன்பகுதி அரிசிக் கடை. பின் அறை எனக்கு. ஆறு வருஷம் அங்கே இருந்தும் பின்கதவைத் திறந்து நின்று பார்த்ததில்லை. அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலைக்கு மாட்டு வண்டியில் பழம் ஏற்றுவது என் வேலை. விடியும் முன் போவேன். இருட்டி வந்து படுப்பேன்.

ஒரு நாள் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பெண்சாதி காய்ச்சலில் போய்விட்டாள் என்று மைத்துனர் எழுதியிருந்தார். அது கைக்கு வரும்போது காரியமெல்லாம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின கடிதத்தில், ஒரு தடவை வந்து போகக் கூடாதா என்று அவள் எழுதச் சொல்லியிருந்தாள். நான் பதில் போடவில்லை.

மறுநாள் சோறு ஆக்கி, இலையில் வைத்து, பின்பக்கம் கொண்டு போனேன். காக்கை எடுத்தால் அவள் எடுத்த மாதிரி. அது எடுத்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கூரையைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் நான் ஒரு காக்கையைக்கூடப் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக அது இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

என்னோடு வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்டேன். சிரித்தான்.

"காக்காவா? சாங்கிப் பக்கம் கடலோரத்துல இருக்குதாம் மாப்ளே, பெருசு பெருசா. இங்க எதுக்கு வரும்? உன் மூஞ்சியப் பாக்கவா?"

கோயில் ஐயரிடமும் கேட்டேன். "பசுவுக்குக் குடுத்துடுங்கோ, தோஷமில்லை" என்றார். மாட்டுக்கு நான் தினமும்தான் போடுகிறேன். அது அவளுக்குப் போய்ச் சேரும் என்று என் மனசு ஒப்பவில்லை.

வருஷத் திதிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. சாங்கியில் இருக்கிறது இங்கேயும் பறந்து வரலாம். வந்தால் உட்கார ஒரு இடம் வேண்டும். செய்தேன்.

ஆலையில் அன்னாசித் தோலை மலையாகக் கொட்டியிருப்பார்கள். திரும்பும்போது ஒரு சாக்கு அள்ளி வருவேன். அதையும் சாணியையும் போட்டதில் மண் கறுத்தது. முருங்கைக் கொம்பு நட்டேன். வாழைக் கன்று இரண்டு, செம்பருத்தி ஒன்று. வாய் உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்தேன்.

முதலில் தேனீ வந்தது, தோலுக்கு. பிறகு ஊர்க்குருவி. வாழை குலை தள்ளியதும் அணில். செம்பருத்திக்கு விரல் நீளம்கூட இல்லாத தேன்சிட்டு. மலாய்க்காரர்கள் மூராய் என்று சொல்லும் குருவி ஒன்று வந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் எப்போதும் மேலே. காலையில் நான் மாடு பூட்டும்போது அது பாடும். நான் யாரோடும் பேசாத நாட்களில் காதில் விழுந்த நல்ல சத்தம் அது ஒன்றுதான். மழைக் காலத்தில் வாய்க்காலிலிருந்து ஓர் உடும்பும் ஏறி வந்தது. ஆள் நீளம். சும்மா வந்து படுத்துக் கிடந்துவிட்டுப் போகும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அப்பம் சுட்டு விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, பாதிக் காக்கா வந்துருச்சு போல" என்பாள் மூராயைக் காட்டி. "மிச்சப் பாதி எப்ப வருது?"

"வரும்" என்பேன்.

திதி அன்று வேலைக்குப் போகவில்லை. சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி வைத்தேன். கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். வாசனை அந்தப் பக்கம் போய்விட்டது.

"திதிக்குக் கருவாடாண்ணே? கேட்டா சிரிப்பாங்க."

"அவளுக்குப் பிடிக்கும்."

அவள் அப்பச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இலையைச் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கா, கா என்று கூப்பிட்டேன். அரிசிக் கடையில் யாரோ சிரித்தார்கள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

குருவிகள்தான் வந்தன. தினமும் வருகிறவை, பயமில்லாமல் நேரே இலைக்கு வந்தன. இவை தொட்டால் எச்சில் ஆகிவிடும். கம்பு எடுத்து விரட்டினேன். அணில் வந்தது, விரட்டினேன். மூராய் வந்து இலை ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. கம்பை அதன் மேலேயே எறிந்தேன். மேலே படவில்லை. உச்சி வெயிலுக்குள் கொல்லையில் ஒன்றும் இல்லை. பத்து மாதம் கூப்பிட்டதை அரை நாளில் விரட்டி முடித்தேன்.

காக்கை வரவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். வெயில் சாய்ந்தது. சோற்றில் எறும்பு ஏறியது.

"இன்னும் சாப்பிடலியாண்ணே?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அது எடுக்கல."

"நல்ல ஆளு. நீங்க ஆறேழு வருசமா ஊருக்கு ஒரு தடவ போகல. அது மட்டும் சாங்கிலேருந்து வந்து நிக்கணுமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உடும்பு வாய்க்காலிலிருந்து ஏறியது. கருவாட்டு வாசனை இழுத்திருக்கும். நாக்கை நீட்டி நீட்டி மெதுவாக நடந்து இலைக்கு வந்தது. நான் கம்பை ஓங்கினேன். அது நின்று என்னைப் பார்த்தது. ஓடவில்லை. கை ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கம்பைக் கீழே போட்டேன்.

கருவாட்டை முதலில் எடுத்தது. அப்புறம் சோறு. கடைசியில் இலையையே இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் இறங்கியது.

அப்பக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்க வீட்டம்மா நல்ல பசியில இருந்திருக்காங்கண்ணே" என்றாள். "போய்ச் சாப்பிடுங்க."

உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீதியை மாட்டுக்கு வைத்தேன்.

குருவிகள் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை காலையில் மாடு பூட்டும்போது கழுத்து மணிச் சத்தம் மட்டும்தான்.

அடுத்த வருஷமும் அதே குழம்பு வைத்தேன். இலையைப் போட்டேன். கா, கா என்று கூப்பிடவில்லை. கம்பும் எடுக்கவில்லை. பின்கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே சலசலப்புக் கேட்டது. யார் என்று பார்க்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு தட்டைக் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.